அடுப்பை அணைத்த பிறகு

"அக்கா, வீட்டிலேயே பீர் செய்து அதில் டிரை ஹாப்பிங் என்று ஏதோ செய்கிறார்களாமே, அது என்ன? நம்ம ஊரில் நாமும் செய்து பார்க்கலாமா?"

செலாயாங் பாருவில் இருந்து ஒரு நேயர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. குரலை வைத்துப் பார்த்தால் வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பின்னணியில் அம்மா யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். தம்பி கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டிருந்தார்.

மது விளம்பரத்துக்கே இடமில்லாத நம் வானொலியில், காலை ஏழு மணிக்கு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் காரில் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைப் பேச முடியாது. "பத்திரிகையில் எழுதுகிறேன் தம்பி" என்று பதில் போட்டேன்.

கேள்வியின் இரண்டாம் பாதியை முதலில் முடித்துவிடுவோம். செய்யலாமா? கூடாது. நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "நான் விற்கவில்லையே, நானே குடிக்கத்தானே செய்தேன்" என்ற சமாதானத்தை நம்பி யாரும் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டாம். ஷா ஆலாமிலும் சுங்கைவேயிலும் இருக்கும் பெரிய பீர் ஆலைகள் உரிமமும் வரியும் கட்டித்தான் ஓடுகின்றன.

முதல் பாதி, அதாவது "அது என்ன?" என்ற கேள்வி, பதில் சொல்லத் தகுந்த கேள்வி. அதைக் கேட்டதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

கசப்பு ஒரு நேரம், வாசனை ஒரு நேரம்

பீருக்கு வேண்டியவை நான்கு. தண்ணீர், முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஈஸ்ட், ஹாப்ஸ். முதல் மூன்றும் நமக்குத் தெரிந்தவை. ஹாப்ஸ் என்பது குளிர்நாட்டுக் கொடி ஒன்றின் பூ. சின்னப் பச்சைக் கூம்பு போல இருக்கும். கோடையில் நீண்ட பகல் கிடைக்கும் நாடுகளில்தான் நன்றாகப் பூக்கும். அதனால் நம் பக்கம் வளர்ப்பது கடினம். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள். பூவைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். கசப்பு, வாசனை இரண்டுமே அந்தப் பொடியில்தான்.

ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. கசப்பு வேண்டுமென்றால் பார்லிக் கஷாயத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். கொதித்தால்தான் அதிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பாகும். அதே ஒரு மணி நேரத்தில் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு ஆவியாகப் போய்விடும். சமையலறை முழுக்க மணக்கும், பானத்தில் இருக்காது.

இதற்கு பீர்காரர்கள் கண்ட வழிதான் டிரை ஹாப்பிங். கொதித்து, ஆறி, ஈஸ்ட் தன் வேலையை முடித்து, எல்லாம் அடங்கிய பிறகு, குளிர்ந்த பீரில் மறுபடியும் ஹாப்ஸ் போடுவது. சூடு இல்லாததால் கசப்பு அதிகம் ஏறாது. வாசனை மட்டும் இறங்கும். "டிரை" என்ற சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காய்ந்த பூவை அப்படியே, கொதிக்க வைக்காமல் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதை நான் என் அம்மாவிடம் விளக்கியபோது பாதியிலேயே நிறுத்தினார். "ரசத்தை நுரை கட்டினதும் இறக்கி, அடுப்பை அணைச்ச பிறகு மல்லித்தழை கிள்ளிப் போடுறோமே, அதுதானே? இதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரா?" அதேதான். பாயாசத்தில் ஏலப்பொடி கடைசியில் போவதும், ராம நவமிப் பானகத்தை அடுப்பிலேயே ஏற்றாமல் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போடுவதும் இதே கணக்கு. வாசனைப் பொருளுக்குச் சூடு ஆகாது என்பது நம் அம்மாக்களின் கைக்குத் தெரியும்.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. ஹாப்ஸில் உள்ள வாசனைச் சேர்மங்கள் நம் அஞ்சறைப்பெட்டியின் சொந்தக்காரர்கள். லினலூல் என்பது கொத்தமல்லி விதை எண்ணெயில் பெரும்பங்கு. மிர்சீன் என்பது செராய்த் தண்டிலும் மாம்பழத்திலும் இருக்கிறது. கேரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது. ஜெரானியால் ரோஜாவில் மணப்பது. முதல் தடவை ஹாப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தபோது முற்றிலும் அந்நியமாக ஏன் தோன்றவில்லை என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்தியாவுக்குப் போன பீப்பாய்

டிரை ஹாப்பிங்கின் பழைய கதையில் நம் கடற்கரையும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் ஆலையில் இருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் பீர் பீப்பாய்கள் இந்தியாவுக்கு வந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, மாதக்கணக்கில் பயணம். அந்த வெக்கையில் பீர் கெடாமல் இருக்க ஹாப்ஸைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூடும் முன் பீப்பாய்க்குள்ளும் காய்ந்த ஹாப்ஸைப் போட்டார்கள். ஹாப்ஸ் சில கிருமிகளை வளர விடாது. 1820களில் பர்ட்டன் ஊரின் ஆலைகளும் இந்த வியாபாரத்தில் இறங்கின. இன்று பங்சாரில் ஒரு கடைப் பட்டியலில் "ஐ.பி.ஏ." என்று பார்க்கிறீர்களே, அது "இந்தியா பேல் ஏல்" என்பதன் சுருக்கம்.

ஹாட்ஜ்சன்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுவார்கள். அது சரியல்ல. ஹாப்ஸ் அதிகம் போட்ட பீர் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. அவர் அதைக் கப்பலேற்றி விற்றவர். கல்கத்தாவிலும் சென்னப்பட்டணத்திலும் அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும். இந்தியாவின் பெயரைச் சுமந்த அந்த பீர், கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்களின் கைக்கு எட்டியிருக்காது. நம் ஆட்களுக்குக் கிடைத்தது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்கு ஜாடி

என் பெரியம்மா மகன் சிங்கப்பூர்க்காரர். யீஷூனில் வீடு. அங்கே சொந்த உபயோகத்துக்கு, விற்காமல், சட்டம் சொல்லும் அளவுக்குள் வீட்டில் பீர் செய்து கொள்ளலாம். அண்ணன் பொறியாளர், எதையும் அளந்து எழுதி வைக்கும் ஆள். நேயரின் கேள்வியை அவரிடம் சொன்னதும், "வா, சோதித்தே பார்ப்போம்" என்றார். போன பள்ளி விடுமுறையில் போனேன்.

20 லிட்டர் பீர் முன்பே புளித்து முடிந்திருந்தது. நம் ஊர் வெக்கையில் புளிக்க விட்டால் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் தாறுமாறாக வேலை செய்து கெட்ட வாடை கிளப்பும். அதனால் அண்ணன் ஒரு பழைய குளிர்பெட்டியில் 19 டிகிரியில் பத்து நாள் வைத்திருந்தார். அதை நான்கு ஜாடிகளில் ஐந்தைந்து லிட்டராகப் பிரித்தோம். பிரிக்கும் முன் ஒவ்வொரு ஜாடியிலும் கரியமில வாயுவைப் பாய்ச்சினார். புளித்து முடிந்த பீரில் காற்று பட்டால், நறுக்கிய ஆப்பிள் கறுப்பதுபோல அதுவும் நிறம் மாறி, வாசனை செத்துவிடும்.

ஹாப்ஸ் வகை, 1972இல் அமெரிக்காவின் ஓரிகனில் இருந்து வெளிவந்த கேஸ்கேட். முதல் ஜாடியில் எதுவும் போடவில்லை. இரண்டாவதில் 10 கிராம். மூன்றாவதில் 25. நான்காவதில் 60. அதாவது லிட்டருக்கு 0, 2, 5, 12 கிராம். கொதிநீரில் அலசிய துணிப்பையில் கட்டி உள்ளே இறக்கினோம். மூன்று நாள்.

அந்த மூன்று நாளும் அவர்கள் வீட்டு நாயைக் கூடத்தில் அடைத்து வைத்தார்கள். ஹாப்ஸ் நாய்க்கு நஞ்சு. தின்றால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். ஊறிய சக்கையைக்கூட அண்ணன் கட்டி, மூடியுள்ள தொட்டியில்தான் போட்டார். வெளிநாட்டில் இதைச் செய்யும் நம் பிள்ளைகள் வீட்டில் நாய் இருந்தால் இது நினைவில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் பையை எடுத்ததும் புட்டியில் அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் விடவில்லை. அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவையைப் போட்டு அளந்தார். ஹாப்ஸ் போட்ட ஜாடிகளில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. புளித்து முடிந்தது என்று நினைத்த பீர் மறுபடியும் மெதுவாகப் புளிக்க ஆரம்பித்திருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. ஹாப்ஸ் பூவில் இயற்கையாகவே நொதிப்பொருள்கள் இருக்கின்றன. ஈஸ்டால் தின்ன முடியாமல் விட்டுவைத்த பெரிய சர்க்கரைகளை அவை சின்னதாக உடைத்துவிடும். தூங்கப் போன ஈஸ்ட் எழுந்து வந்து அதைத் தின்னும். ஆல்கஹால் கொஞ்சம் ஏறும், வாயுவும் சேரும். பிரவுன், மோரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893லேயே இதை எழுதி வைத்தார்கள். பிறகு பெரும்பாலும் மறந்துபோய், டிரை ஹாப்பிங் மறுபடி பிரபலமான பிறகு, இந்த நூற்றாண்டில் மீண்டும் பேச ஆரம்பித்தார்கள். அவசரப்பட்டு அடைத்தால் புட்டிக்குள் வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும். கையிலும் முகத்திலும் கண்ணாடிச் சில்லு ஏறும். அளவு மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகுதான் அண்ணன் புட்டியைத் தொட்டார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். அண்ணி அடுக்களையில் நின்று ஊற்றி, எண் மட்டும் எழுதிய குவளைகளைக் கொண்டு வந்தார். எது எந்த ஜாடி என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணன், அவர் நண்பர்கள் இருவர், நான் என நான்கு பேர். ஆளுக்கு நான்கு குவளை, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் அளவு.

ஒன்றும் போடாதது ரொட்டி வாசனையோடு சாதுவாக இருந்தது. 2 கிராம் போட்டதில், ஈப்போ பொமலோவை உரிக்கும்போது தோலில் இருந்து தெறிக்குமே, அந்த மணம் லேசாக வந்தது. 5 கிராம் போட்டதில் அதே மணம் குவளையை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே வந்துவிட்டது. நால்வரும் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். 12 கிராம் போட்டது? வாசனை இரண்டு மடங்கு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஊறிப்போன தேயிலைச் சக்கையின் வாடை. தொண்டையில் துவர்ப்பாக வறண்டது. பொமலோ எங்கேயோ அமுங்கிப் போயிருந்தது.

நாங்கள் நான்கு பேர் சொல்வது சோதனை ஆகாதுதான். ஆனால் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லஃபான்டைனும் ஷெல்ஹேமரும் 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதே கேஸ்கேட் வகையை வைத்து ஏறக்குறைய இதையே சொல்கிறது. லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் வாசனை பெரிதாகக் கூடுவதில்லை. எலுமிச்சை வகை மணம் பின்வாங்கி மூலிகை, தேயிலை மணம் முன்னால் வருகிறது. அவர்கள் சொல்லும் நல்ல அளவு 4 முதல் 8 கிராம் வரை.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு ஓடிய எண்ணம் இதுதான். நான்கு குவளையிலும் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான். போதைக்கு வேண்டியது எதுவோ அது ஹாப்ஸ் போடும் முன்பே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பட்ட பாடெல்லாம், அளந்ததும் காத்திருந்ததும், மூக்குக்காக. நிறைய போட்டால் நிறைய கிடைக்கும் என்ற கணக்கு அங்கே செல்லவில்லை.

அம்மா கேட்ட கேள்வி

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நம்ம குடும்பத்துல குடியால போனது போதாதா? இப்ப அதுக்கு வாசனை வேற பாக்கணுமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் அம்மாவைப் பெற்ற பாட்டி இருக்கிறார். கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டம். சம்பள நாள் சாயங்காலம் பாட்டி கைக்குழந்தையோடு கள்ளுக்கடைக்கு வெளியே நிற்பாராம். உள்ளே போக மாட்டார். தாத்தா வெளியே வரும்போது சட்டைப்பையில் மிச்சம் இருப்பதை வாங்கிக்கொள்ளத்தான் அந்தக் காத்திருப்பு. இது என் பாட்டியின் கதை மட்டுமில்லை. இதைப் படிக்கும் பல வீடுகளில் இதே பாட்டி இருந்திருப்பார்.

அந்தக் கள்ளுக்கடைகள் தானாக முளைத்தவை அல்ல. அரசு உரிமத்தோடு தோட்டத்துக்குள்ளேயே நடந்தவை. பால்வெட்டி வாங்கிய கூலி, லயத்துக்கு வந்து சேரும் முன் அதே தோட்டத்தில் கரைந்தது. இதை எதிர்த்தவர்களும் நம் ஆட்கள்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் "தமிழ் நேசன்" பத்திரிகையில் பணியாற்றியவர். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். அதே பட்டியலில், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கூலியும் மானமும் கள்ளுக்கடையும் அவர்களுக்கு ஒரே பிரச்சினையின் மூன்று பக்கங்கள்.

கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. மலிவு விலை, சின்னப் புட்டி, அதிகப் போதை. ஒரு வெள்ளிக்கு எவ்வளவு ஏறும் என்பது மட்டுமே கணக்கு. அங்கே வாசனைக்கு வேலையே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்துப் பலர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேபாளம், மியன்மார், வங்காளதேசம் என்று பிழைக்க வந்த தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அங்கேயும் மெத்தனால்தான்.

இங்கே ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பீர், கள் போலப் புளிக்க வைத்த பானத்தில் மெத்தனால் மிக மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும். இப்படிக் கூட்டமாக உயிரைக் கொல்வது, தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனாலை யாரோ லாபத்துக்காகக் கலப்பதுதான். கலந்திருந்தால் நாக்காலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போய் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தாக்கும். குடித்த உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் மங்கல் வரும். "நேத்து ராத்திரி குடிச்சது இன்னும் இறங்கல" என்று படுக்க வைத்துவிடுவார்கள். படுக்க வைக்காதீர்கள். கண் மங்குகிறது என்று சொன்னால் அடுத்த நிமிடம் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மாற்று மருந்து இருக்கிறது. நேரத்துக்குப் போனால் உயிரையும் பார்வையையும் காப்பாற்றலாம். என்ன குடித்தார், எங்கே வாங்கினார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது. அம்மா சொல்வதில் பாதி நூற்றுக்கு நூறு சரி. வாசனை கூடியதால் ஆல்கஹால் குறைந்துவிடாது. பொமலோ மணக்கிறது என்பதற்காக ஐந்து புட்டி குடித்தால் கல்லீரல் அதை ரசிக்காது. விலை உயர்ந்த பீர் குடிப்பவர் "நான் குடிகாரன் இல்லை, ரசிகன்" என்று சொல்லிக்கொள்வதும் நடக்கிறது. குடியை நிறுத்த முடியாமல் தவிக்கும் ஒருவர் இருக்கும் வீட்டில் இந்த ரசனைப் பேச்சே வேண்டாம்.

இன்னொரு பாதியில் அம்மாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நம் வீடுகளில் குடியைப் பற்றி இரண்டு விதப் பேச்சுதான் இருக்கிறது. ஒன்று, திட்டு. இன்னொன்று, கல்யாண வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் அடிக்கும் கேலி. நடுவில் ஒன்றுமில்லை. புட்டியில் என்ன இருக்கிறது, எது எவ்வளவு, சட்டம் என்ன, எது ஆளைக் கொல்லும் என்று வீட்டுக்குள் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அதனால்தான் 21 வயது ஆகி, சட்டப்படி வாங்கும் உரிமை வந்த பிள்ளைகூடக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறது. நமக்குக் கேட்காத கேள்வியை அது யூடியூபில் கேட்டுக்கொள்ளும்.

நான் எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பவள். அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் இவ்வளவும் பேசினோம். கடைசியில் அம்மா, "அந்த அறுவது கிராம் போட்டதுதான் நல்லா இல்லையா?" என்று திரும்பக் கேட்டார். "மல்லித்தழையை அள்ளிப் போட்டா ரசமும் அப்படித்தான் ஆகும்" என்றார்.

செலாயாங்கில் செய்யக்கூடியது

அமெரிக்காவில் இப்போது ஆல்கஹாலே இல்லாமல், சோடாத் தண்ணீரில் ஹாப்ஸ் வாசனையை மட்டும் இறக்கி விற்கிறார்கள். வாசனைக்குப் போதை தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நமக்கு ஹாப்ஸும் தேவையில்லை. செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போனால் கட்டுக் கட்டாகச் செராய் கிடைக்கும்.

இரண்டு தண்டு செராயை அம்மிக்குழவியால் நசுக்குங்கள். ஒரு தேக்கரண்டி கொத்தமல்லி விதையை ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். லீமாவ் பூருட் இலை இரண்டைக் கையால் கிழியுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான துணியில் கட்டி ஒரு லிட்டர் ஆறிய குடிநீரில் போட்டு, மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். அதே அளவை இன்னொரு லிட்டரில் போட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றி, அதையும் குளிர வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரண்டையும் வடிகட்டி, குடிக்கும்போது பாதிக்குப் பாதி சோடா கலந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். கொதித்ததில் கஷாயம் இருக்கும். குளிரில் ஊறியதில் செராய்த் தோட்டமே இருக்கும்.

சர்க்கரையும் ஈஸ்டும் சேர்க்க வேண்டாம். நாள்கணக்கில் வெளியே வைக்கவும் வேண்டாம். அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள். அடுத்த முறை ஒரு தண்டு, மூன்று தண்டு, எட்டுத் தண்டு என்று மூன்று ஜாடி வையுங்கள். பிள்ளைகளிடம் எண் ஒட்டிய குவளையைக் கொடுத்து, எது பிடித்தது என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் எட்டுத் தண்டு ஜெயிக்காது. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

செலாயாங் பாரு தம்பிக்கு: பீர் செய்வதைச் சட்டம் அனுமதிக்கும் ஊரில் நீங்கள் ஒருநாள் வேலைக்கோ படிப்புக்கோ போகலாம். அப்போது லிட்டருக்கு ஐந்து கிராமில் தொடங்குங்கள். அளவு அசையாமல் நின்ற பிறகு புட்டியை மூடுங்கள். அதுவரை செராய்ச் சோடா போதும். ஒரு ஜாடி செய்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு முதல் குவளையைக் கொடுங்கள். என்னிடம் கேட்ட கேள்வியை, குரலைத் தாழ்த்தாமல், அவரிடமும் கேளுங்கள்.